மரம் விற்குமுன் ஒருவருக்குக் கூலி கொடுத்தேன்

2014ஆம் ஆண்டு ஆவணி மாதம், மகளின் வீட்டுக்கு நிலையும் கதவும் போட மரம் அரிந்து விற்கும் ஒரு மரக்காலைக்குப் போனேன். மூன்று கதவு நிலை, ஐந்து யன்னல், முன்கதவுக்குப் பலகை. எல்லாம் தேக்கு. கணக்குப் போட்டுத் தந்த துண்டில் 1,38,000 ரூபாய் என்று இருந்தது. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றேன். அதற்கு மூன்று மாதம் முன்னர்தான் என் காணியில் நின்ற 24 தேக்கு மரங்களை 2,40,000 ரூபாய்க்கு விற்றிருந்தேன். 24 மரம் விற்ற காசில் பாதிக்கு மேல் ஒரு சின்ன வீட்டின் வாசலுக்கும் யன்னலுக்கும் போய்விட்டது.

நின்ற மரத்தின் விலையையும் அரிந்த பலகையின் விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாதுதான். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லொறி, அரிவுக்கூலி எல்லாம் நடுவில் இருக்கிறது. ஒரு குற்றியை, அதாவது வெட்டிய மரத்துண்டை, அரிந்தால் பெரும் பங்கு தூளாகவும் சிராயாகவும் போகும். வியாபாரிக்கும் வீடு வாசல் உண்டு. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் மனம் ஆறவில்லை. நான் விற்றது எத்தனை கன அடி என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அளவு தெரியாத பொருளை விற்றிருக்கிறேன் என்பது அந்தத் துண்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

காணி மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வலையிறவுப் பாலம் தாண்டி உன்னிச்சைப் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. அப்பாவின் காணி. எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணத்தோடு எனக்கு எழுதித் தந்தார். 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியில் எங்கள் வளவில் நின்ற தென்னை, பலா, மா எல்லாம் ஒரே இரவில் சரிந்தன. மட்டக்களப்பு முழுவதும் மரம் கிடந்ததால் விழுந்த மரத்துக்கு யாரும் விலை சொல்லவில்லை. பலாவைத் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று அப்பா சும்மா கொடுத்தார். அதன் பிறகு 1981இல் எல்லையோரம் எழுபதுக்கு மேல் தேக்கு நட்டார். 90இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தோம். 2007 பங்குனியில் படுவான்கரைச் சனம் ஆற்றைக் கடந்து ஓடி வந்தபோது அங்கே யாரும் இல்லை. காட்டுத்தீயும் யானையும் போக 62 மரம் மிஞ்சின. நாங்கள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டோம். அவை தாமாகவே நின்றன. அதனாலோ என்னவோ, கிடைப்பது லாபம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. முதல் விற்பனையில் பிசகிய இடம் அதுதான்.

அந்த முதல் விற்பனை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. ஒரு வியாபாரி இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் காணியைச் சுற்றி நடந்தார்கள். பெரிய மரங்களில் கத்தியால் கொத்தி அடையாளம் வைத்தார்கள். “ரீச்சர், வெளியில பாத்தா வடிவாத்தான் இருக்கு. உள்ளுக்குக் கோறையா இல்லையா எண்டு வெட்டினாத்தான் தெரியும். மரத்துக்குப் பத்தாயிரம் போட்டுத் தாறம். பேப்பர் வேலை முழுக்க எங்கட பொறுப்பு” என்றார். கோறை என்றால் உள்ளே பொந்து விழுந்த மரம். பேப்பர் வேலை அவர் பொறுப்பு என்றதுதான் என்னை இழுத்தது. கணவர் போன பிறகு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கிக் களைத்திருந்தேன். அவர் நீட்டிய தாள்கள் ஐந்தாறில் கையெழுத்துப் போட்டேன். இரண்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மரம் போய் ஐந்து கிழமை கழித்து விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. என் காணியின் அனுமதியைக் காட்டி ஏற்றிய லொறியில், என் மரத்தோடு சேராத குற்றிகளும் இருந்திருக்கின்றன. அதிகாரிகள் வந்து என் காணியில் அடிக்கட்டைகளை எண்ணினார்கள். 24 இருந்தது, அனுமதியும் 24க்குத்தான். அந்த எண்ணிக்கை பொருந்தியதால் நான் தப்பினேன். வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டபோது ஆம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியார் காணியில் நாமே நட்டுவைத்த தேக்கென்றாலும், அதை றோட்டில் கொண்டுபோகப் போக்குவரத்து அனுமதி வேண்டும். 1907இல் வந்து பல தடவை திருத்தப்பட்ட வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது நடக்கிறது. அனுமதியில்லாத மரத்தோடு பிடிபட்டால் வாகனமே பறிபோகலாம். ஆகவே அனுமதித் தாள் என்பது வியாபாரியின் கையில் காசுக்குச் சமம். அதை எடுக்க நம் காணி உறுதியும் நம் கையெழுத்தும் தேவை. அந்த இரண்டையும் யாரிடம் கொடுக்கிறோம், எத்தனை குற்றிக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

மகளின் கதவு வேலை செய்தவர் ஏறாவூர் ஓடாவி ஒருவர். நான் காக்கா என்று கூப்பிடுவேன். என் கதையைக் கேட்டுவிட்டு, முற்றத்தில் கிடந்த ஒரு குற்றியைக் காட்டி எனக்கு அளவு சொல்லித் தந்தார். குற்றியின் நடுவில் சுற்றளவை அடிக்கணக்கில் எடுக்க வேண்டும். அதை நாலால் பிரிக்க வேண்டும். வந்ததை அதாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவு 4 அடி, நீளம் 15 அடி என்றால், நாலில் ஒன்று 1 அடி. ஒன்றை ஒன்றால் பெருக்க ஒன்று. பதினைந்தால் பெருக்க 15 கன அடி. இதைக் கால் சுற்றளவுக் கணக்கு என்கிறார்கள்.

ஆனால் அந்தக் குற்றியில் உண்மையாக இருப்பது 15 கன அடி இல்லை. வட்டத்தின் பரப்பைச் சரியாகப் போட்டால் 19க்குக் கொஞ்சம் மேலே வரும். கால் சுற்றளவுக் கணக்கு எப்போதும் நூற்றுக்கு 78 பங்கைத்தான் காட்டும். அரிவில் போகும் கழிவை முன்கூட்டியே கழித்துவிடுகிற பழைய முறை இது. வாங்குபவரும் விற்பவரும் இதிலேயே பேசினால் ஒரு குறையும் இல்லை. விலையை ஒரு கணக்கில் பேசி அளவை இன்னொரு கணக்கில் எடுத்தால்தான் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். சில தாள்களில் கன மீற்றர் வரும். ஒரு கன மீற்றர் என்பது 35.3 கன அடி. அதை உண்மையான கன அளவென்று எடுப்பதா, கால் சுற்றளவுக் கணக்கில் வந்ததென்று எடுப்பதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காக்கா இன்னொன்றும் காட்டினார். நாலடிச் சுற்றளவை மூன்றடி ஒன்பது அங்குலம் என்று வாசித்துப் பார்க்கச் சொன்னார். மூன்று அங்குலம்தான் வித்தியாசம். 15 கன அடி 13 ஆகிவிட்டது! சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்குவதால் அங்கே விடுகிற சின்னப் பிழை இரட்டிப்பாக வளரும். நீளத்தில் அரை அடி விட்டாலும் அவ்வளவு நட்டம் வராது. நாடாவை இறுக்கி இழுப்பது, நடுவில் எடுக்காமல் நுனிப் பக்கமாக எடுப்பது, பட்டைக்கென்று ஒருமுறை கழித்துவிட்டுக் கோறைக்கென்று மறுபடி கழிப்பது, இவையெல்லாம் சுற்றளவில்தான் நடக்கும். மரம் விற்கும் நாளில் உங்கள் கண் நாடாவின் அந்த நுனியில் இருக்கட்டும்.

2023 தொடக்கத்தில் மறுபடி காசு தேவைப்பட்டது. மருமகனின் சத்திரசிகிச்சை. மிச்சம் நின்றது 38 மரம். இந்த முறை ஆலோசனை சொல்ல ஒருவரைப் பிடிப்பது என்று நினைத்தேன். அதிலும் முதலில் சறுக்கினேன். உறவுக்காரப் பையன் ஒருவரை அழைத்து வந்தான். மர விடயத்தில் ஆலோசகர் என்றார்கள். கூலி ஒன்றும் வேண்டாம், ரீச்சருக்கு உதவியாக இருக்கட்டும் என்றார். 38 மரத்தையும் பார்த்துவிட்டு, 11 லட்சம் தருகிற ஆள் தன்னிடம் இருக்கிறார், நாளைக்கே அட்வான்ஸ் வாங்கித் தருகிறேன் என்றார். நாடாவை வெளியே எடுக்கவே இல்லை. “வாங்குபவரிடமிருந்து உங்களுக்கு ஏதாவது வருமா?” என்று கேட்டேன். சிரித்தார். அதுவே பதிலாக இருந்தது. தரகுத் தொழில் கெட்ட தொழில் என்று நான் சொல்லவில்லை. ஆளையும் மரத்தையும் சேர்த்துவைக்க ஒருவர் வேண்டும்தான். ஆனால் வாங்குபவரின் காசில் வந்தவர் என் பக்கம் நின்று பேச முடியாது. இலவசமாக வந்த ஆலோசனை என் பக்கத்தில் இருக்கவில்லை என்று அன்று புரிந்தது. அவரை மரியாதையாக அனுப்பிவைத்தேன்.

அப்புறம் காக்கா சொல்லி ஒரு ஓய்வுபெற்ற வன அலுவலரைப் போய்ப் பார்த்தேன். எழுபதை நெருங்கியவர். முதல் பேச்சிலேயே கூலியைச் சொன்னார். அளந்து பட்டியல் போட, விலை கேட்டுக் கடிதம் எழுத, வெட்டும் நாட்களில் வந்து நிற்க, எல்லாவற்றுக்கும் 45,000 ரூபாய். போக்குவரத்துச் செலவு தனி. மரம் விற்றாலும் விற்காவிட்டாலும் அளந்ததற்கு அதில் 20,000 தந்துவிட வேண்டும். எனக்கு நெஞ்சு பக்கென்றது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். மகள் வேண்டாம் என்றாள். “மரத்தப் பாக்கிறதுக்கு அம்பதாயிரமாம்மா?” என்றாள். கடைசியில் நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம், அவர் சொன்ன ஒரு வார்த்தை. “விற்ற காசில நூற்றுக்கு இத்தனை எண்டு நான் வாங்கிறதில்ல ரீச்சர். அப்பிடி வாங்கினா எல்லா மரத்தையும் வெட்டச் சொல்லத்தான் எனக்கு மனம் வரும்.”

வெளிநாடுகளில் இந்த வேலைக்கென்றே வன ஆலோசகர்கள் இருக்கிறார்கள். விற்ற தொகையில் பங்கு எடுப்பவர்களும் உண்டு, நாள் கூலி வாங்குபவர்களும் உண்டு. பங்கு எடுப்பவருக்கு விலையை ஏற்றிவிட அக்கறை இருக்கும் என்பது உண்மை. ஆனால் நிற்க வேண்டிய மரத்தை நிற்கவிடுவதில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. எங்களைப் போல ஐம்பது அறுபது மரம் வைத்திருப்பவர்களுக்கு முன்பே இவ்வளவு என்று பேசி முடித்த கூலியே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அவர் வந்தது மாசி மாதம், காலை ஆறரைக்கு. மாலை வரை நின்றார். நான் கொப்பியோடு பின்னால் போனேன். ஒவ்வொரு மரத்துக்கும் மஞ்சள் பெயின்றில் இலக்கம் போட்டார். நிலத்திலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு. பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு தடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கவடு பிரியும் இடம் வரை எத்தனை அடி நேர்க்குற்றி வரும் என்று கணக்கெடுத்தார். கோணல், கோறை, தீப்பட்ட காயம், எல்லாவற்றையும் சொல்லி எழுதச் சொன்னார். ஏழாம் இலக்க மரத்தில் ஒரு புடைப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள இரும்பு கிடக்கும்” என்றார். ஷெல் துண்டாக இருக்கலாம். எல்லையோர மரங்கள் ஆறில் பழைய முள்ளுக்கம்பி மரத்துக்குள்ளேயே புதைந்து போயிருந்தது. நாங்கள்தான் கட்டைக்குப் பதிலாக மரத்திலேயே ஆணியடித்துக் கம்பி கட்டியிருந்தோம். அரிவு வாளில் இரும்பு பட்டால் வாள் போய்விடும். அதனால் மரக்காலைக்காரர் அப்படிப்பட்ட குற்றிக்கு விலையைக் குறைப்பார், சிலர் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார். அதுவும் அடிப்பக்கம், மரத்தின் மிகப் பெறுமதியான ஐந்தடி. தேக்கு நட்டிருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வேலிக்குக் கட்டை வேறாக நடுங்கள்.

குறைகளையெல்லாம் நாமே ஏன் எழுத வேண்டும், வாங்குபவர் கண்டுபிடித்தால் பிடிக்கட்டுமே என்று கேட்டேன். இரும்பு உள்ள மரம் ஏழு என்று நாமே எழுதினால், மற்ற மரங்களில் இல்லை என்பதை நம்புவார்கள் என்றார். 2014இல் அந்த வியாபாரி கோறையைச் சொல்லித்தான் எல்லா மரத்துக்கும் சேர்த்து விலையைக் குறைத்தார். எது கோறை என்று பட்டியலில் இருந்திருந்தால் அப்படிக் குறைத்திருக்க முடியாது.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு பழைய அடிக்கட்டைகளையும் பார்த்தோம். தேக்கின் நடுவில் இருக்கும் வைரம் உக்காது, ஒன்பது வருடம் கழித்தும் கட்டைகள் இருந்தன. முழங்கால் உயரத்துக்கு மேலே வெட்டியிருந்தார்கள். குனிந்து வெட்டச் சோம்பல்பட்டு, தடித்த அடியில் ஒன்றரை அடியை நிலத்தோடு விட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கட்டைகளின் சுற்றளவிலிருந்து அவர் போட்ட குத்துமதிப்பு 380 கன அடி. அப்படியென்றால் கன அடிக்கு 630 ரூபாய்க்கு விற்றிருக்கிறேன். காக்காவிடம் கேட்டபோது, அந்த வருடத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கு நின்ற மரம் வாங்கியவர்களைத் தனக்குத் தெரியும் என்றார். தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அன்று இரவு தோன்றியது.

அந்த நாளில் நான் எதிர்பாராத ஆலோசனை வேறொன்று. 38 மரத்தில் 22ஐ மட்டும் விற்கச் சொன்னார். மிச்சம் 16 நேரான மரங்கள், சுற்றளவு மூன்றடியைச் சுற்றி நின்றன. மூன்றடி மரம் நாலடியாகும்போது, நீளம் அதே பதினைந்து அடி என்றே வைத்துக்கொண்டாலும், எட்டரைக் கன அடி பதினைந்தாக ஏறும். அதோடு வெளிப்பக்க வெள்ளை மரம் குறைந்து வைரம் கூடும், தடித்த குற்றிக்குக் கன அடி விலையும் கூட. பக்கத்தில் நிற்கும் பெரியவற்றை எடுத்துவிட்டால் இவற்றுக்கு வெயில் கிடைக்கும். முதல் விற்பனையில் வியாபாரி நல்லதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு, கோணலையும் கவட்டையும் எனக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார். இந்த முறை கோணலும் கவடும் விற்கும் பட்டியலில் போயின, பெரியவையும் போயின, வளரக் கூடியவை நின்றன. வாங்க வந்த எவரும் இப்படி ஒரு பட்டியலை எனக்குப் போட்டுத் தந்திருக்க மாட்டார். ஆலோசகருக்குக் கொடுத்த காசில் பெரும்பங்கு இதற்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

22 மரம், 496 கன அடி, கால் சுற்றளவுக் கணக்கு என்று பட்டியலின் தலையில் எழுதினோம். அதை மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கங்களில் ஐந்து மரக்காலைகளுக்குக் கொடுத்தோம். ஒரே நாளில் எல்லோரும் வந்து பார்க்கலாம், விலையை மூடிய கடிதத்தில் தர வேண்டும் என்றோம். மூன்று பேர் தந்தார்கள். 12,40,000, 14,75,000, 16,80,000. ஒரே மரம், ஒரே பட்டியல், கூடியதற்கும் குறைந்ததற்கும் நடுவில் 4,40,000 ரூபாய். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒருவருக்குக் கையில் கதவு வேலை ஓர்டர் நிறைய இருந்தது, மற்றவருக்கு வாங்கிச் சேர்த்து வைக்கத்தான் தேவை. ஒருவரிடம் மட்டும் கேட்டிருந்தால் அந்த ஒருவர் சொன்னதுதான் எனக்குச் சந்தை விலை. 38க்கும் சேர்த்து 11 லட்சம் என்று வந்த பேச்சு, 22க்கு 16,80,000 ஆயிற்று. 2014 காசையும் 2023 காசையும் நான் ஒப்பிடவில்லை, நடுவில் ரூபாய் விழுந்த விழுகை எல்லோருக்கும் தெரியும். 11 லட்சமும் 16,80,000உம் ஒன்றரை மாதத்துக்குள் சொன்ன விலைகள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம், தமிழில். எந்த இலக்க மரங்கள், காசு எப்போது. பாதிக் காசு வாள் வைக்குமுன், மிச்சம் முதல் லொறி ஏறுமுன். அடிக்கட்டை நிலத்திலிருந்து நாலு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பட்டியலில் இல்லாத மரம் முறிந்தால் அதற்கு இரட்டை விலை. கொப்பும் விறகும் எனக்கு. இதை எழுதாமல் விட்டால் அவர்கள் கொண்டு போவார்கள் அல்லது உழ முடியாதபடி காணி முழுக்கப் போட்டுவிட்டுப் போவார்கள், இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது. பக்கத்து வயலூடாக லொறி போவதால் அந்த வரம்பைத் திருத்திக் கொடுக்க வேண்டும். அனுமதிக்கான விண்ணப்பத்தை நானே கொடுத்தேன். கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், உறுதியின் பிரதி, வன அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தது, எல்லாவற்றிலும் நான் கூடவே நின்றேன். நான்கு தடவை போக வேண்டியிருந்தது. களைப்புத்தான். ஆனால் எந்த லொறியில் எத்தனை குற்றி போனது என்று என் கொப்பியில் இருக்கிறது, கடைசிக் குற்றி ஏறியதும் மிச்ச அனுமதி ஒன்றும் வெளியே இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டேன்.

பெரும்போக நெல் வெட்டு முடிந்து நிலம் காய்ந்த பங்குனியில் வெட்டினோம். இது முக்கியம். மாரியில் விற்க வந்தால் லொறி புதைகிறது, வரம்பு உடைகிறது, அதையெல்லாம் விலையில் கழிப்பார்கள். காசு அவசரமாகத் தேவைப்படும் வீடு ஐப்பசியில்தான் தேவைப்படும் என்பதும் எனக்குத் தெரியும். முடிந்தால் அளவை மட்டும் முன்னரே எடுத்து வையுங்கள்.

ஆலோசகர் எல்லோருக்கும் வேண்டுமா என்றால், வேண்டாம். போன வருடம் தங்கை தன் வளவில் நின்ற இரண்டு பலாவை விற்றாள். இரண்டு மரத்துக்கு 45,000 கொடுத்தால் மிஞ்சுவது என்ன? தையல் நாடாவோடு நானே போனேன். இருவருமாக அளந்தோம், மூன்று பேரிடம் விலை கேட்டோம், முடிந்தது. பலாவுக்குத் தேக்கை விடக் கவனம் வேண்டிய இடம் வேறு. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் வெட்டவே அனுமதி வேண்டும், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். வளவுக்குள் நின்றாலும் சரி, நாமே நட்டாலும் சரி. பிரதேச செயலகத்தில் அனுமதி கையில் வரும் வரை வாளை உள்ளே விட வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். வாங்க வந்தவர் ஞாயிற்றுக்கிழமையே வெட்டிவிடலாம், ஒருவரும் வர மாட்டார்கள் என்றார். பிடிபட்டால் வளவுக்காரிதான் பதில் சொல்ல வேண்டும். அரசாங்கப் பெர்மிட் காணி வைத்திருப்பவர்களும் முதலில் பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டே மரத்தில் கை வைக்க வேண்டும்.

நாலைந்து மரம் என்றால் நாமே அளக்கலாம். வன இலாகாவில் விரிவாக்க உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், மரம் நடுவது, நெருக்கமாக நிற்பதை ஐதாக்குவது பற்றிக் கேட்டால் சொல்லித் தருவார்கள், அதற்குக் கூலி இல்லை. இருபது மரத்துக்கு மேல், அதுவும் ஒரே தடவையில், அதுவும் என்னைப் போலப் பழக்கமில்லாதவர் என்றால், கூலி கொடுத்து ஆள் வைப்பதே புத்தி. காணிக்காரர் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் கட்டாயம். எங்கள் பக்கத்தில் அப்படி எத்தனையோ காணி இருக்கிறது. தேக்கு நிற்கிறது, பிள்ளைகள் கனடாவிலும் சுவிஸிலும். ஊரில் பார்த்துக்கொள்ளும் ஆளே தரகராகவும் மாறிவிடுகிறார்.

ஆளைத் தேடும்போது மரக்காலைக்காரரிடம் கேட்க வேண்டாம். தச்சுப் பட்டறையில் கேளுங்கள், ஓடாவிமாருக்கு யார் நேர்மையாக அளப்பவர் என்று தெரியும். கிடைத்தவரிடம் மூன்றே கேள்வி. வாங்குபவரிடம் உங்களுக்கு ஏதாவது வருமா? விற்காவிட்டால் உங்கள் கூலி என்ன? வெட்டும் நாளில் வந்து நிற்பீர்களா? மூன்றாவதற்குத் தயங்கினால் நான் வேறு ஆளைப் பார்ப்பேன். அளவெடுப்பதை விட வெட்டும் நாளில் நிற்பதுதான் கஷ்டம். முதல் நாள் ஒரு பையன் மெசின் வாளை, நிற்க வேண்டிய பதினாறில் ஒரு மரத்தில் வைக்கப் போனான். அதில் மஞ்சள் இலக்கம் இருந்தது, ஆனால் அது விற்கும் பட்டியலில் இல்லை. அளந்து தந்த அந்த ஓய்வுபெற்ற ஐயா ஓடிப் போய் வாளின் முன்னால் நின்றார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு நிற்க வேண்டிய மரங்களுக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டினோம். இதை முதலே செய்திருக்க வேண்டும்.

வெட்டிய 22 கட்டையிலும் மழை வந்ததும் துளிர் வெடித்தது. தேக்கு அப்படித்தான். ஒரு கட்டையில் ஏழெட்டு வரும். நல்ல நேரான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கழித்துவிடச் சொன்னார். 2014 கட்டைகளில் அப்படிச் செய்யாமல் விட்டதால் அவை பற்றையாக நிற்கின்றன. கட்டையைத் தாழ வெட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாம், மண்ணோடு ஒட்டி வரும் துளிர்தான் காற்றுக்குப் பிடித்து நிற்கும். பதினாறு மரத்தையும் தை மாதத்தில் ஒரு தடவை, அதே நாலரை அடி உயரத்தில், பெயின்ற் கோட்டின் மேலேயே அளந்து கொப்பியில் எழுதுகிறேன். கடைசியாக அளந்தபோது 31ஆம் இலக்கம் மூன்றடி ஐந்து அங்குலம்.